மாற்று வேட்பாளரின் சட்டைப்பை

உட்காருங்கள் தம்பி. அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் ஆடும். இந்தப் பெஞ்சில் உட்காருங்கள். கரண்ட் வந்தால்தான் ஜெராக்ஸ் ஓடும். பத்து நிமிடம் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பத்து நிமிடத்தில் நீங்கள் டீ குடித்து, பேப்பர் படித்து, ஒரு தூக்கமும் போட்டுவிடலாம். இந்த வெயிலில் வேறு எங்கே போகப் போகிறீர்கள்?

கையில் இருப்பது இறுதி வேட்பாளர் பட்டியல்தானே? தாலுகா ஆபீஸ் பலகையில் ஒட்டியிருந்ததை உரித்துக்கொண்டு வந்துவிடவில்லையே? சும்மா கேட்டேன். பத்திரிகைக்காரர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் வாய் நீளும். உங்கள் பத்திரிகையை நானும் வாங்குகிறேன். 'கவனிக்க வேண்டிய பத்துத் தொகுதிகள்' என்று போட்டிருந்தீர்களே, படித்தேன். எங்கள் ஆலடிக்குறிச்சிக்கு ஒன்பதாவது இடம். கோபம் ஒன்றும் இல்லை. போன தேர்தலில் நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் முடிவான தொகுதி. இதற்கு மேல் கவனிக்க வேண்டிய எட்டுத் தொகுதிகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன என்றால் சந்தோஷம்தான்.

மும்முனைப் போட்டி என்று எழுதியிருந்தீர்கள். சரிதான். ஆனால் மூன்று முனையையும் சென்னையிலிருந்து பார்த்து எழுதிவிட்டீர்கள். நான் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆள் மந்திரமூர்த்தி. இப்போதைய எம்.எல்.ஏ. ஆளும் கட்சி, இரண்டு தடவை ஜெயித்தவர். ரோடு போட்டாரா என்று கேட்காதீர்கள். ஆனால் தொகுதியில் ஒரு சாவு வீட்டை விட்டது கிடையாது. பிணம் எடுப்பதற்கு முன்னால் வந்து, எடுத்த பிறகுதான் போவார். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு நாய் குரைப்பதோடு சரி என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். அவரை எதிர்த்து நிற்பது ஒரு கட்சியை எதிர்த்து நிற்பது மாதிரி இல்லை. சொந்தக்காரரை எதிர்த்து நிற்பது மாதிரி.

இரண்டாவது ஆள் வக்கீல் ஆபிரகாம். புதுக் கட்சி, சின்ன வயது. புள்ளிவிவரமாகக் கொட்டுவார். இத்தனை சதவீதம், இத்தனை கனஅடி என்று அவர் மூச்சுவிடாமல் பேசி முடித்ததும் கூட்டம் பலமாகக் கை தட்டும். தட்டி முடித்துவிட்டு, "என்ன சொன்னாரு?" என்று பக்கத்து ஆளைக் கேட்கும்.

மூன்றாவது எங்கள் கட்சி. டாக்டர் தேன்மொழி. குழந்தை மருத்துவர். அவர் கையால் ஊசி போட்டுக்கொள்ளாத பிள்ளை இந்தத் தொகுதியில் இல்லை. அதுதான் எங்கள் பலம், அதுதான் எங்கள் பலவீனமும். தாய்மார்கள் வாசலுக்கு வந்து கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அவர் தெருவுக்குள் நுழைந்ததுமே பிள்ளைகள் ஓவென்று அழ ஆரம்பித்துவிடுகின்றன. நேற்றுக்கூடக் கீழத்தெருவில் ஒரு பயல் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டான். பிரச்சாரத்துக்கு மேளம் வைக்கலாமா வேண்டாமா என்று கட்சியில் யோசித்தபோது, அழுகைச் சத்தமே போதும் என்று விட்டுவிட்டோம்.

மூன்று பேரும் ஆயிற்றா? நான்காவது ஒரு ஆள் உண்டு. உங்கள் பட்டியலில் இருக்காது. திருப்பித் திருப்பிப் பார்க்காதீர்கள், இருக்காது.

நான்தான் அது. ஆ. நம்பிராஜன், மாற்று வேட்பாளர்.

சிரிக்காதீர்கள். நீங்கள் சிரிக்கவில்லை, சரி. மாற்று வேட்பாளர் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் சொல்வதுபோல் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். கட்சி ஒருவரை வேட்பாளராக நிறுத்தும். அவருடைய மனுவில் ஏதாவது கோளாறு வந்து தள்ளுபடி ஆகிவிட்டால் கட்சிச் சின்னம் அநாதையாகி நிற்கக் கூடாது அல்லவா? அதற்காக இன்னொருவரும் மனு போடுவார். பரிசீலனை அன்றைக்கு முதல் ஆளுடைய மனு ஏற்கப்பட்டது என்று அறிவித்த அடுத்த நிமிடம், அந்த இன்னொருவரின் மனு தானாகத் தள்ளுபடி. அவ்வளவுதான். ஐந்து தேர்தலாக அந்த இன்னொருவர் நான்தான்.

ஏன் நான் என்று கேட்கலாம். மனு எழுதுவதில் இந்த மாவட்டத்தில் என்னை அடிக்க ஆள் கிடையாது. பஞ்சாயத்து வார்டு முதல் பாராளுமன்றம் வரை எங்கள் கட்சிக்காரர் யார் நின்றாலும் மனு என் கடையில்தான் எழுதப்படும். ஒன்றுகூடத் திரும்பி வந்தது கிடையாது. இதில் சூட்சுமம் ஒன்றும் பெரிதில்லை. பிரமாணப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. வழக்கு இல்லையென்றால் 'இல்லை' என்று எழுத வேண்டும். கார் இல்லையென்றால் 'இல்லை'. நிலம், 'இல்லை'. சும்மா விட்டாலோ கோடு போட்டாலோ அது இல்லை என்று ஆகாது. ஒளிக்கிறான் என்று ஆகிவிடும். என்னுடைய பத்திரத்தில் 'இல்லை' என்கிற சொல் மட்டும் அறுபது இடத்துக்கு மேல் வரும். ஒரு மனுஷன் தன்னைப் பற்றிச் சத்தியம் செய்து இத்தனை தடவை இல்லை என்று எழுதுவது கொஞ்சம் ஒரு மாதிரிதான் இருக்கும். பழகிவிட்டது.

ஆசை இருந்ததா என்று கேட்கிறீர்கள். கேட்கவில்லையா? கேட்கிற மாதிரி பார்த்தீர்கள். எனக்கு ஆசையெல்லாம் கிடையாது தம்பி. ஒவ்வொரு தடவையும் பரிசீலனை அன்றைக்குக் காலையில் மட்டும், என்ன சொல்வது, காய்ச்சல் வருவதற்கு முன்னால் உடம்பு லேசாகச் சுடுமே, அப்படி இருக்கும். பதினொன்றேகாலுக்கு, தள்ளுபடி என்று அறிவித்ததும், இறங்கிவிடும்.

இந்தத் தடவை ஒரு சின்ன மனத்தாங்கல். டாக்டரம்மா மனுவை என்னிடம் தரவில்லை. மதுரையிலிருந்து அவர்களுடைய ஆடிட்டர் வந்து லேப்டாப்பில் அடித்தார். "நீங்க சிரமப்படாதீங்க அங்கிள்" என்றார் டாக்டரம்மா. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். இருபத்தைந்து வருஷமாகச் செய்கிற வேலையை யாரோ எடுத்துக்கொண்டு, சிரமப்படாதீர்கள் என்றால், சிரமம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சரி, நம் பத்திரத்தை மட்டும் எழுதுவோம் என்று எழுதிப் போட்டேன்.

மனு போடக் கடைசி நாள் திங்கட்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்கு எல்லாம் முடிந்து எல்லோரும் வண்டியேறிவிட்டார்கள். நான் மட்டும் தாலுகா ஆபீஸ் வாசலில் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். தேர்தல் பிரிவு உதவியாளர் ஒரு பெண் ஓடிவந்தார்.

"சார், நீங்க அந்தக் கட்சிதானே? உங்க வேட்பாளர் பிரமாணப் பத்திரத்துல ஒரு கட்டம் காலியா இருக்கு. நாளைக்குப் பரிசீலனை பதினொரு மணிக்கு. அதுக்குள்ள புதுசா ஒண்ணு நோட்டரி கையெழுத்தோட தந்துறணும். இல்லைன்னா மனு நிக்காது. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். ஒரு தாளைக் கொடுத்தார். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

உங்கள் வேட்பாளர் என்று சொன்னார். கட்டம் காலி என்று சொன்னார். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பார்த்தாயா, லேப்டாப்பில் அடித்த லட்சணத்தை என்கிற சந்தோஷம். நாலு எட்டு நடந்த பிறகுதான் இரண்டாவது நினைப்பு வந்தது. இந்தத் தாள் நாளைப் பதினொரு மணி வரை என் பையிலேயே இருந்துவிட்டால்?

நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை தம்பி. அதுதான் இதில் உள்ள கஷ்டம். திருட வேண்டாம், பொய் சொல்ல வேண்டாம், யாரையும் கெடுக்க வேண்டாம். சும்மா இருந்தால் போதும். டாக்டரம்மா மனு போய்விடும். சின்னம் எனக்கு வந்துவிடும். நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசம் உள்ள தொகுதி. என் பெயர் ஓட்டு மிஷினில் இருக்கும்.

வீட்டுக்கு நடந்தேன். வழியில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் கும்பிட்டேன் போலிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மாஸ்டர் கேட்டான்: "என்ன அண்ணாச்சி, இன்னைக்குக் கும்பிடு பலமா இருக்கு? யாருக்குக் கல்யாணம்?" ஆஸ்பத்திரிச் சுவர் வெள்ளையடித்து நீளமாகக் கிடந்தது. நம்பிராஜன் என்று எழுதினால் ஆறெழுத்து, எட்டிப் பார்க்காமலே ரோட்டிலிருந்து தெரியும் என்று நினைத்தேன். முதல் கூட்டத்தில் என்ன பேசுவது என்பதுகூடத் தயாராகிவிட்டது. 'எதிர்பாராத விதமாக, கனத்த இதயத்தோடு' என்று ஆரம்பிப்பது. டாக்டரம்மாவின் தியாகத்தைப் பற்றி இரண்டு வரி. நன்றாகவே வந்தது அந்த இரண்டு வரி.

ஓ, கரண்ட் வந்துவிட்டது. இருங்கள், மிஷின் சூடாகட்டும். அதுவரை கேளுங்கள். சூடாவதற்கு நேரமாகும் இதற்கு. சரி, நான் இன்னும் சுவிட்சைப் போடவில்லை. போடுகிறேன், போடுகிறேன்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தத் தாளை ஏன் விரித்துப் படிக்கவில்லை? கேளுங்கள். படிப்பதற்கு என்ன இருக்கிறது என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. விரித்தால் படிக்க வேண்டும். படித்தால் விஷயம் எனக்குத் தெரிந்ததாக ஆகிவிடும். தெரிந்துவிட்டால் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். மடித்தே வைத்திருந்தால் அது வெறும் தாள்தானே? இப்படியும் ஒரு மனுஷன் யோசிப்பானா என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. மற்றவர்களுக்கு இந்த மாதிரி யோசனை வருமா, எனக்கு மட்டும்தானா? வேண்டாம், பதில் சொல்ல வேண்டாம்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு அந்த வெள்ளைச் சட்டையை எடுத்தேன். இரண்டு தேர்தலுக்கு முன்னால் எடுத்த சட்டை. ஒருவேளை தேவைப்பட்டால் என்று வைத்திருந்தது. கழுத்துப் பட்டன் மாட்ட வரவில்லை. என் வீட்டுக்காரி செண்பகம் பூரிக் கட்டையோடு வாசல்படியில் வந்து நின்றாள். தாள் விஷயத்தை அவளிடம் முந்தின நாள் சாயங்காலமே சொல்லியிருந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டுமே.

"எங்க கிளம்பிட்டிய?"

"டாக்டரம்மா வீட்டுக்கு. தாளைக் குடுக்கணும்லா."

"தாளைக் குடுக்கவா இந்தச் சட்டை?"

நான் பட்டனோடு மல்லுக்கட்டினேன்.

"இல்ல, கேக்கேன். குடுக்கதா இருந்தா நேத்து நாலு மணிக்கே குடுத்திருக்கலாம். குடுக்காம இருக்கதா இருந்தா வீட்டுலயே இருக்கலாம். ரெண்டுக்கும் சேத்து ஒரு சட்டையப் போட்டுக்கிட்டுப் போறியளே, அதான் எனக்கு விளங்கல."

"உனக்கு அரசியல் தெரியாது."

"எனக்கு உங்களத் தெரியும்லா. அது போதும்."

உள்ளே போய்விட்டாள். பூரி கிடைக்கவில்லை.

டாக்டரம்மா வீடு பத்து நிமிட நடை. நான் ஏழெட்டுத் தெரு சுற்றிப் போனேன். போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதேகால். கொடுப்பதற்குத்தான் போனேன் என்று நான் சொல்வேன். ஒன்பதேகால் என்பது பதினொன்றுக்கு முன்னால்தானே? கணக்கு சரியாக இருக்கிறதா இல்லையா?

முன்கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். எங்கள் மாவட்டச் செயலாளர், மாவட்டம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், தட்டில் இட்லியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்த ஆடிட்டர், மடியில் லேப்டாப். டாக்டரம்மா ஒரு குழந்தையின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தேர்தல் நேரத்திலும் அது நிற்கவில்லை.

"வாரும் நம்பி," என்றார் மாவட்டம். "என்னவே இது, வெள்ளையும் சொள்ளையுமா? வேட்பாளர் யாருன்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தாளை எடுத்து டாக்டரம்மாவிடம் நீட்டினேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த முகத்தோடு சொன்னேன்:

"அம்மா, பதறாதீங்க. உங்க பத்திரத்துல ஒரு கட்டம் காலியா விட்டுருக்கு. பதினொரு மணி வரைக்கும் நேரம் இருக்கு. நான் இருக்கேன்."

ஆடிட்டர் முகம் வெளிறிப்போனது. சொல்லக் கூடாது, அதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. "சான்ஸே இல்ல மேடம், மூணு தடவை செக் பண்ணினேன்" என்று எழுந்தே விட்டார். டாக்டரம்மா தாளை விரித்தார். படித்தார். என்னைப் பார்த்தார். திரும்பப் படித்தார்.

"அங்கிள், இது என் பேர் இல்ல."

"பின்னே?"

"ஆ. நம்பிராஜன்னு போட்டிருக்கு. உங்க பத்திரம். தொழில்ங்கிற கட்டம் காலி."

 மாவட்டம் சிரிக்க ஆரம்பித்தார். இட்லி புரையேறி, ஆடிட்டர் தண்ணீர் எடுத்துக் கொடுத்து, அதற்குப் பிறகும் சிரித்தார்.

எப்படி விட்டேன் என்று உடனே ஞாபகம் வந்துவிட்டது. தொழில் என்கிற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது. ஜாப் டைப்பிங் என்று போடுவதா, பொதுவாழ்வு என்று போடுவதா? பத்திரிகையில் வந்தால் எது நன்றாக இருக்கும்? அப்புறம் யோசித்துப் போடலாம் என்று அடுத்த கட்டத்துக்குப் போனவன், அடுத்த அறுபது கட்டத்திலும் இல்லை, இல்லை என்று எழுதிவிட்டு, இதை மறந்துவிட்டேன். நோட்டரி வக்கீல் என் பத்திரத்தைப் படித்துப் பார்ப்பதே இல்லை. நம்பி எழுதினால் சரியாக இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்.

ஆக, அந்தத் தாளைப் பதினொரு மணி வரைக்கும் பையிலேயே வைத்திருந்தாலும் டாக்டரம்மாவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. என் மனுதான் போயிருக்கும். நான்தான் நம்பிராஜன் என்று தெரியாமல், கட்சிக்காரர் யாரோ என்று நினைத்து அந்த உதவியாளர் பெண் 'உங்க வேட்பாளர்' என்று சொல்லியிருக்கிறார். மூன்று மணியிலிருந்து ஒன்பதேகால் வரைக்கும் நான் பட்ட பாடு இருக்கிறதே, அவ்வளவும் என் சொந்தத் தாளுக்காக.

மாவட்டம் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம்தான் கேட்டார்.

"ஆமாவே, இது நேத்து மூணு மணிக்கு வாங்குன தாள்லா? தேதியும் நேரமும் போட்டிருக்கே. டாக்டரோடதுன்னு நெனச்சுத்தான வச்சிருந்தீரு? பெறவு ஏன் இம்புட்டு நேரம்?"

 நான் கழுத்துப் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டேன். டாக்டரம்மாதான் சொன்னார்:

"விடுங்க சார். எனக்கு நேத்து பிரஷர் இருந்துச்சுன்னு அங்கிளுக்குத் தெரியும். ராத்திரி நான் பதறக் கூடாதுன்னு மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு இருந்திருப்பாங்க. மூஞ்சியப் பாருங்க, தூங்கவே இல்ல."

அவருக்குப் பிரஷர் இருந்தது எனக்குத் தெரியாது தம்பி. சத்தியமாகத் தெரியாது. ஆனால் நான் தலையை ஆட்டினேன். லேசாகத்தான் ஆட்டினேன். ஆட்டவில்லை என்று சொல்ல முடியாது.

"விட்டுத் தள்ளும்வே," என்றார் மாவட்டம். "டாக்டர் மனு நல்லா இருக்கு. உம்ம மனு எப்படியும் பதினொன்னே காலுக்குத் தள்ளுபடி ஆகுறதுதான். காலிக் கட்டத்தோடயே போகட்டும்."

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. "அது வேற தள்ளுபடி, இது வேற தள்ளுபடி" என்று சத்தம் போட்டுவிட்டேன். நான் எழுதின மனு குறையினால் திரும்பி வந்தது என்று நாளைக்கு ஒருவன் சொல்லக் கூடாது. ஆடிட்டர் லேப்டாப்பைத் திறந்து, "சொல்லுங்க சார், நான் அடிக்கிறேன்" என்றார். நல்ல பிள்ளை. அவர் ஒவ்வொரு கட்டமாகக் கேட்டார். நான் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். இன்னொருவர் கேட்க, வாயால் சொல்லும்போதுதான் அது எத்தனை தடவை என்று உறைக்கிறது. ஒரு கட்டத்துக்கு மேல் மாவட்டமே சிரிப்பை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொழில் சார்?"

"பொதுச்சேவைன்னு போடும்வே, எடுப்பா இருக்கும்" என்றார் மாவட்டம்.

"ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ்" என்றேன்.

டாக்டரம்மா தன் காரைக் கொடுத்தார். நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி, தாலுகா ஆபீஸ் படியேறும்போது பத்து ஐம்பது. பதினொரு மணிக்கு ஆரம்பித்தார்கள். டாக்டர் தேன்மொழி மனு ஏற்கப்பட்டது. அடுத்து என் பெயர். முதன்மை வேட்பாளரின் மனு ஏற்கப்பட்டதால் மாற்று வேட்பாளரின் மனு நிராகரிக்கப்படுகிறது. அந்த உதவியாளர் பெண்ணிடம் போய்க் கேட்டேன்: "குறை ஒண்ணும் இல்லையே?" "இல்ல சார், இப்ப சுத்தமா இருக்கு" என்றார். முறையாகத் தள்ளுபடி ஆனது. அதை நீங்கள் எழுதுவதாக இருந்தால் அப்படித்தான் எழுத வேண்டும்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை உங்களிடம் சொல்லியே இருக்கமாட்டேன். கேவலம், என்னத்துக்குச் சொல்ல வேண்டும்?

டாக்டரம்மாவுக்கு மேடையில் பேச அவ்வளவாக வராது. கதை ஒன்று இருந்தால் நன்றாகப் பேசுவார். முதல் நாள் பிரச்சாரத்தில், பேச்சு பாதியில் நின்றபோது, ஜீப்பில் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். உடனே ஆரம்பித்துவிட்டார். "எங்க கட்சியில எப்படிப்பட்ட தொண்டர்கள் இருக்காங்க தெரியுமா? இதோ நிக்கிறாங்களே, நம்பிராஜன் அங்கிள். என் மனுவுல குறைன்னு நெனச்சு, நான் பயந்துறக் கூடாதுன்னு, அந்தக் காகிதத்தை நெஞ்சுல வச்சுக்கிட்டு ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காம இருந்த மனுஷன். என் மனு தள்ளுபடியானா இவருக்குத்தான் சீட்டு. அப்படி இருந்தும் கொண்டுவந்து குடுத்தாரு." கூட்டம் கை தட்டியது பாருங்கள். இந்தத் தேர்தலிலேயே எங்கள் கட்சிக்கு விழுந்த பெரிய கைதட்டல் அதுதான். மாவட்டம் அப்போதே சொல்லிவிட்டார், எல்லாத் தெருவிலும் இதைச் சொல்லுங்கள் என்று.

சொல்கிறார். பதினொரு நாளாக, ஒரு நாளைக்கு எட்டுத் தெரு. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். நான் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறேன். இரண்டு தடவை அவரிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். ஒரு தடவை குழந்தை அழுதது. இன்னொரு தடவை, அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஜெயித்தாலும் தோற்றாலும் ஓட்டு எண்ணி முடித்த மறுநாள் சொல்லிவிடுவது என்று வைத்திருக்கிறேன். சொல்வேன் என்றுதான் நினைக்கிறேன்.

இந்தாருங்கள் உங்கள் நகல், இரண்டு பக்கமும் தெளிவாக விழுந்திருக்கிறது. சாயங்காலம் நாலு மணிக்குத் தேரடியில் எங்கள் பிரச்சாரம். போட்டோக்காரரோடு வருவதாகச் சொன்னீர்களே, வாருங்கள். முன்வரிசையில் இடம் போட்டு வைக்கச் சொல்கிறேன். கைதட்ட வேண்டுமென்றால் தட்டுங்கள், தடையில்லை. டாக்டரம்மா அந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் என் பக்கம் பார்க்காதீர்கள் தம்பி.